நாட்டரிசி இல்லை

2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு மொத்த விலை கிலோ 225 ரூபாய், சில்லறை விலை 230 ரூபாய் என்று இலங்கை அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. திருகோணமலை டவுனில் பலசரக்குக் கடை நடத்துகிற எனக்கு அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் கிடந்த ஐந்து ரூபாய்க்குள்தான் லொறிக்கூலி, மூட்டை இறக்கும் கூலி, கழிவு, கடை வாடகை, கரண்ட் பில் எல்லாம் அடங்கவேண்டும். 225க்கு அரிசி கிடைத்திருந்தால் அதையும் ஒருமாதிரிச் சமாளித்திருக்கலாம். பொலன்னறுவைப் பக்கமிருந்து வழமையாக மூட்டை கொண்டுவரும் லொறிக்காரர் போனில் சொன்னார்: "பில் 225க்குத்தான் போடுவாங்க முதலாளி. மிச்சத்தைக் கையில குடுத்தாத்தான் மூட்டை ஏறும்."

கையில் கொடுக்கும் காசுக்குப் பில் கிடையாது. அந்தக் காசையும் சேர்த்து விற்றால், பரிசோதனைக்கு வருகிறவர்களின் கண்ணுக்கு நான்தான் கொள்ளைக்காரன். 2021இல் திருத்திய சட்டப்படி கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்கும் தனி ஆளுக்கு ஆகக் குறைந்த தண்டமே ஒரு இலட்சம், கூடினால் ஐந்து இலட்சம். கிலோவுக்குச் சில ரூபாய் மிஞ்சுகிற சாமானுக்காக யார் அந்த வில்லங்கத்தை விலைக்கு வாங்குவது? நாட்டரிசி எடுப்பதை விட்டுவிட்டேன். கேட்டு வந்தவர்களுக்கு "இல்லை" என்பதுதான் சில கிழமைகளுக்கு என் வியாபாரம். காசுள்ளவர்கள் பாஸ்மதி வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் மாவும் பாணும் வாங்கினார்கள். ஏழைக்கு என்று போட்ட விலை ஏழையின் சோற்றுப் பானையைத்தான் முதலில் தொட்டது.

இதில் எனக்கு ஆத்திரமூட்டியது விலைக் கட்டுப்பாடு மட்டுமல்ல. அதே மாதம் வெளிநாட்டு அரிசி இறக்க அனுமதி கொடுத்தார்கள், கிலோவுக்கு 65 ரூபாய் வரியோடு. அரிசி ஆலைக்காரர்கள் பதுக்குகிறார்கள், மாபியா என்று மேடையில் திட்டுகிறீர்கள். அவர்களோடு போட்டி போட வரும் அரிசிக்குத் துறைமுகத்திலேயே 65 ரூபாய் ஏற்றிவிடுகிறீர்கள். அந்த 65 ரூபாய் வேலிக்குள் நின்றுகொண்டுதான் பெரிய ஆலைகள் விலை பேசுகின்றன. வேலியை எடுங்கள், மாபியா தானாகச் சின்னதாகும். இந்தப் பேச்சைப் பேசினால் என்னை லிபர்டேரியன், அதாவது சந்தையில் அரசின் கை குறையவேண்டும் என்கிறவன், என்கிறார்கள். சரி, இருந்துவிட்டுப் போகிறேன்.

2022க்கு முன் ஹயெக், ஃபிரீட்மன் என்ற பொருளாதார அறிஞர்களின் பெயர்கள் எனக்குத் தெரியாது. ராஜாஜியைத் தெரியும். 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கியவர், எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று நேருவின் ஆட்சியைக் கிழித்தவர். அப்பா வாசித்துவிட்டுக் கட்டி வைத்திருந்த பழைய சஞ்சிகைகளில் அவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். மிச்சமெல்லாம் 2022 நெருக்கடியில் பெற்றோல் வரிசையில் நின்றபோது போனில் வாசித்தது. 2022இல் இந்த நாட்டில் வரிசை நல்ல வாசிகசாலையாக இருந்தது.

ஹயெக் 1945இல் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம் இது: ஒரு பொருள் எங்கே தட்டுப்பாடு, யாருக்கு அவசரம், யார் விட்டுக்கொடுக்கக்கூடும் என்பது எந்த ஒரு காரியாலயத்துக்கும் தெரியாது, அது ஆயிரக்கணக்கான ஆட்களின் தலைக்குள் சிதறிக் கிடக்கிறது, விலை ஒன்றுதான் அதைச் சேர்த்துச் சொல்கிறது. கடைக்காரனுக்கு இதில் புதினம் எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் செய்வதற்கு இப்படி ஒரு நியாயம் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடத்துப் பாடத்தில் வியாபாரி பதுக்குகிறவன்தான்.

விலைக் கட்டுப்பாடு கடைக்காரனை என்ன ஆக்குகிறது என்பதைப் பால்மா விஷயத்தில் கிட்ட நின்று பார்த்தேன். 2021இல் ஒரு கிலோ பக்கட் 945 ரூபாய் என்று கட்டிவைத்திருந்தார்கள். உலகச் சந்தையில் விலை ஏறியிருந்தது, இறக்குமதிக்காரருக்கு டொலர் இல்லை, கடைக்கு வருவது பெட்டிக் கணக்கிலிருந்து பக்கட் கணக்காகக் குறைந்தது. வந்த பக்கட்டுகள் தட்டில் ஏறவில்லை. எல்லாக் கடையிலும் மேசைக்குக் கீழேதான் இருந்தன. ஒருவர் வருகிறார். பார்க்கிறேன். நெடுநாள் வாடிக்கையாளர், வீட்டில் கைக்குழந்தை: ஒன்று எடுத்துக் கொடுக்கிறேன். அடுத்தவர் முகம் தெரியாது: இல்லை என்கிறேன். பிறகு ஒரு பொலிஸ்காரர் வருகிறார், அவருக்கு எப்படி இல்லை என்பது?

விலை தீர்மானிக்காவிட்டால் முகம் தீர்மானிக்கும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கலந்து வாழும் இந்த ஊரில், முகம் என்றால் அதற்குள் எதெல்லாம் வரும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்த மாதங்களில் ஒவ்வொரு கடையும் ஒரு குட்டி அரசாங்கம். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்ற அதிகாரம் எனக்கு வந்து சேர்ந்தது, நான் கேட்காமலே. 2021 ஒக்ரோபரில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், பக்கட் 1,195 ஆனது. சனம் திட்டியது, நியாயமான திட்டுத்தான். ஆனால் பக்கட் தட்டில் ஏறியது. காசோடு வந்த எவரிடமும் நான் முகம் பார்க்கவில்லை. சிறுபான்மையினர் சந்தையைப் பார்த்துப் பயப்படுவதை விட, சந்தையை மூடும் கையைப் பார்த்துப் பயப்படுவதுதான் புத்தி என்று அன்றைக்குப் பட்டது.

இனி மண்ணெண்ணெய். என் மச்சான் ஒருவர் திருக்கடலூரில் சின்ன வள்ளம் வைத்திருக்கிறார், எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022இன் நடுவில் பெற்றோல் 470 ரூபாய், டீசல் 460 ரூபாய் என்று போனபோதும் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலேயே நின்றது. மீனவருக்கும் ஏழைக்கும் நிவாரணம் என்றார்கள். நிவாரணம் பலகையில் இருந்தது, எண்ணெய்தான் தாங்கியில் இல்லை. கலனைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் போய் மத்தியானம் வெறும் கலனோடு வருவார். "87 ரூபாய் எண்டு பேப்பரில கிடக்கு. பேப்பரை ஊத்தி எஞ்சின் ஓட்ட ஏலாது" என்பார். வெளியில் தெரிந்த ஆள் மூலம் வாங்கினால் அதைப்போலப் பல மடங்கு. டீசலை விட இவ்வளவு மலிவாக ஒரு எண்ணெய் இருந்தால் அது எங்கே போகும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இந்த நாட்டில் நெடுநாள் கதை.

ஓகஸ்ட் மாதம் ஒரே இரவில் 87 ரூபாய் 340 ஆனது. மச்சான் அன்று முழுக்கத் தூஷணத்தில்தான் பேசினார். பிறகு கடலுக்குப் போனார், ஏனென்றால் எண்ணெய் கிடைத்தது. போகாமல் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டவர்களும் இருந்தார்கள், அதை மறைக்கமாட்டேன். என் தரப்பு ஆட்கள் சிலர் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள். விலையை உண்மையாக்குவது ஒரு வேலை, அந்த உண்மையைத் தாங்க முடியாதவனுக்குக் கை கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவதை விலைக்குள் போட்டு மறைக்கக்கூடாது என்பதுதான் வாதம், செய்யவே கூடாது என்பதல்ல. ஃபிரீட்மனே 1962இல் ஏழைகளுக்கு நேரடியாகக் காசு கொடுக்கும் ஒரு முறையை முன்வைத்தவர். இங்கே அஸ்வெசும என்ற நிவாரணக் காசுத் திட்டம் 2023 ஜூலையில்தான் வந்தது. விலை ஏறி ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. ஆட்களைத் தெரிந்தெடுத்ததிலும் ஆயிரம் முறைப்பாடு. வரிசையை மாற்றிச் செய்திருந்தால், முதலில் காசு, பிறகு விலை என்று, மச்சானின் தூஷணத்தில் பாதி குறைந்திருக்கும். பாதிதான்.

பின்னேரங்களில் கடற்கரையில் கூடுகிற எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், பழைய இடதுசாரி. அவர் விடமாட்டார். "வரிசையை முடிச்சது உன்ர விலையில்லை தம்பி, கியூஆர் கோட்" என்பார். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர், ஓட்டோவுக்கு ஐந்து என்று 2022 ஜூலைக்குப் பின் அளந்து கொடுத்தது வேலை செய்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த நேரம் பெற்றோல் 450க்கு விற்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 177 ரூபாய் விலையில் அதே கியூஆர் இருந்திருந்தால், நான்கு லீற்றரையும் வாங்கிப் பக்கத்து வீட்டுக்கு விற்பதுதான் ஊரின் பெரிய தொழிலாக இருந்திருக்கும். மாஸ்டர் இதை ஒத்துக்கொள்வதில்லை.

அவருடைய பெரிய ஆயுதம் சிறிமா காலம், பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சி. 1970 முதல் 77 வரை மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியதால் வடக்கில் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள், 77இல் ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சிக்கு வந்து இறக்குமதிக் கதவைத் திறந்ததும் விழுந்தார்கள். உண்மை. எங்கள் ஆட்களுக்கு அந்தக் காலம் பொற்காலமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. அப்பாவுக்கு வேறு நினைவு இருந்தது. அனுமதியில்லாமல் அரிசி கொண்டுபோக முடியாது, றோட்டில் மறித்துப் பையைக் கிளறுவார்கள், சாமானெல்லாம் கூட்டுறவுச் சங்கக் கடைக்குத்தான் வரும், எங்கள் கடையில் தூசு தட்டுவதுதான் வேலை. யாழ்ப்பாணத்து வெங்காயக்காரரின் கல்வீட்டை எல்லாரும் பார்த்தார்கள். அந்த வெங்காயத்தைக் கூடின விலைக்கு வாங்கிய கூலிக்காரர் வீட்டில் என்ன குறைந்தது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. இதுதான் இந்தச் சிந்தனைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம், நானும் இதில் முழுதாக அவர்கள் பக்கம்.

வரியைக் குறைத்தாலே நல்லது என்று நினைக்கிற ஆட்களோடு எனக்குக் கணக்கு ஒத்துவராது. 2020 ஒக்ரோபரில் சீனிக்கான விசேட பண்ட வரியை 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு இறக்கினார்கள். ஐம்பது ரூபாய் குறைய வேண்டிய சீனி என் கடைக்கு வந்தபோது ஐம்பது ரூபாய் குறையவில்லை. இறக்குமதிக்காரருக்குப் போன இலாபம், திறைசேரிக்கு நட்டம். 2023 நவம்பரில் மறுபடி 50 ரூபாய். வரி குறைந்தது குற்றமல்ல. ஒரு இரவில் ஒரு கையெழுத்தில் ஏற்றவும் இறக்கவும் முடியும் என்ற அதிகாரம்தான் குற்றம். அந்தக் கையெழுத்து எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் வியாபாரி அல்ல, பங்காளி. 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதத்துக்கு இறக்கியதும் இதே வகை. செலவைக் குறைக்காமல் வரியை மட்டும் குறைத்தால் மிச்சத்தை யார் கட்டுவது? காசு அச்சடிக்கும் அச்சகம் கட்டியது. இப்போது நாங்கள் 18 வீதம் கட்டுகிறோம்.

அச்சடித்ததை எப்படி முன்கூட்டியே பார்த்திருக்கலாம் என்பதைத்தான் இளம் கடைக்காரர்களுக்கு அதிகம் சொல்வேன். மத்திய வங்கி தன்னிடமுள்ள அரசாங்கப் பிணையங்களின், அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களின், பெறுமதியைத் தன் இணையத்தளத்தில் போடுகிறது. 2019 இறுதியில் அது நூறு பில்லியனுக்கும் கீழே. 2022இல் இரண்டு ட்ரில்லியனைத் தாண்டியது. அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்க வேறு ஆளில்லாமல் மத்திய வங்கியே வாங்கியது என்பதுதான் அதன் அர்த்தம், அந்த ரூபாய்கள்தான் பிறகு பருப்பையும் டொலரையும் துரத்தின. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவில் மட்டும் பார்த்தால் 94.9.

இன்னொரு அடையாளம் உண்டு, அதற்கு இணையம்கூடத் தேவையில்லை. வங்கி டொலருக்குத் தரும் விலைக்கும், வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரர் தரும் விலைக்கும் உள்ள தூரம். 2021 கடைசியில் வங்கியில் 203 ரூபாய்க்குக் கட்டி வைத்திருந்தார்கள். கனடாவிலும் கட்டாரிலும் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் எல்லாவற்றுக்கும் வெளி விலை தெரியும். தூரம் கூடக்கூட வங்கிக்கு வரும் டொலர் குறைந்தது, டொலர் குறையக் குறையப் பருப்புக் கொள்கலன்கள் துறைமுகத்தில் கிடந்தன. 2022 மார்ச்சில் கட்டை அவிழ்த்தார்கள், மே மாதம் 360ஐத் தொட்டது. ரூபாய் அந்த ஒரு மாதத்தில் விழவில்லை. விழுந்து கிடந்ததை அப்போதுதான் போர்வை விலக்கிக் காட்டினார்கள்.

அந்த மாதங்களில் கடையைக் காப்பாற்றியது ஒரே ஒரு பழக்கம். சாமானுக்கு விலை போடும்போது இந்த மூட்டை என்ன விலைக்கு வந்தது என்று பார்ப்பதில்லை, அடுத்த மூட்டை என்ன விலைக்கு வரும் என்று பார்ப்பது. 300 ரூபாய்க்கு வாங்கிய பருப்பை 330க்கு விற்று, திரும்பி வாங்கப் போகும்போது 450 என்றால், நீங்கள் இலாபம் பார்க்கவில்லை, மூட்டையில் ஒரு பங்கைத் தானம் செய்திருக்கிறீர்கள். பழைய சரக்கைப் புது விலைக்கு விற்கிறான் என்று சனம் ஏசும். ஏசட்டும். பழைய விலைக்கு விற்ற கடைகள் சில 2022 முடியுமுன் கதவைச் சாத்திவிட்டன, பிறகு அந்தச் சந்தியில் சாமான் வாங்கவே கடையில்லை. கட்டுப்பாட்டு விலை உள்ள சாமானுக்கு மட்டும் இதைச் செய்ய முடியாது, சட்டம் சட்டம்தான். அந்தச் சாமானை எடுக்காமல் விடுங்கள், கையில் கேட்கும் காசுக்கு உடன்படாதீர்கள். எல்லாக் கொள்வனவுக்கும் பில் வாங்கித் திகதிப்படி அடுக்கி வையுங்கள். வழக்கு என்று வந்தால் உங்கள் வாய் பேசாது, பில்தான் பேசும்.

திருகோணமலையில் இருந்துகொண்டு எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. வெள்ளைக்காரன் கட்டிய 99 தாங்கிகள். பெரும்பாலானவை பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடந்தன, பெற்றோலுக்கு நாங்கள் வரிசையில் நின்றபோதும். 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கையில் 14 லங்கா ஐஓசிக்கு, 24 எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. 2022 ஜூன் கடைசியில் கூட்டுத்தாபனம் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எண்ணெய் என்று கதவைச் சாத்தியபோது ஐஓசி விற்றுக்கொண்டிருந்தது. பார்த்தீர்களா தனியார் போட்டியின் அருமையை என்று கொழும்பில் சிலர் எழுதினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஐஓசியின் தாய்க் கம்பனி இந்திய அரசாங்கத்தினுடையது. 2023இல் வந்த சினொபெக் சீன அரசாங்கத்தினுடையது. இலங்கை அரசின் ஏகபோகத்தை உடைக்க இரண்டு வெளிநாட்டு அரசுகள் வந்திருக்கின்றன. ஒன்றுக்கு மூன்று கடை இருப்பது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. அதைச் சுதந்திரச் சந்தை என்று கூப்பிடுவதற்கு முன் முதலாளி யார் என்று பார்க்கவேண்டும்.

கொழும்புக் கட்டுரைக்காரர்களோடு நான் பிரிகிற இடம் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அரசு சின்னதாக இருக்கட்டும், உயிரையும் உடைமையையும் காப்பதோடு நிற்கட்டும் என்பது அவர்களின் அடிப்படை. எங்கள் ஊரில் நடந்தது அதற்குத் தலைகீழ். அரசு இங்கே அரிசி விற்றிருக்கிறது, எண்ணெய் விற்றிருக்கிறது, சீனி ஆலை நடத்தி மூடியிருக்கிறது. இன்றைக்கும் சீனன்குடாவில் மார்பிள் பீச் விடுதியை நடத்துவது விமானப்படை. உப்புவெளியில் வங்கிக் கடனில் நாலு அறை கட்டி வாடகைக்கு விடுகிற பெண், வரியும் கட்டிக்கொண்டு அரசுப் பாதீட்டோடு போட்டி போடவேண்டும். இத்தனையும் செய்த அரசு, 1983 ஜூலையில் இந்த ஊரில் தமிழர் கடைகள் எரிந்தபோது அந்த ஒற்றை வேலையைத்தான் செய்யவில்லை. அரசே வேண்டாம் என்கிற தீவிரக்காரரோடு நான் சேராததற்குக் காரணம் அதுதான். சின்ன அரசு வேண்டும், ஆனால் அந்த ஒரு வேலையை எல்லாருக்கும் ஒரே மாதிரிச் செய்கிற அரசு வேண்டும்.

காணிக்கும் இதே கதை. இலங்கை நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசுக்குச் சொந்தம். யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை அரசு தீர்மானிக்க முடிந்தது இதனால்தான். அல்லை, கந்தளாய் குடியேற்றங்களைப் பற்றித் தமிழ் அரசியல் எழுபது வருடமாகப் பேசுகிறது, சரியாகத்தான் பேசுகிறது. பேசாமல் விட்டது ஒன்று: அங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்ட சிங்களக் குடும்பங்கள் பலவற்றின் கையிலும் முழுச் சொந்தம் தரும் காணி உறுதி இல்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப் பத்திரம்தான். விற்கவோ ஈடு வைக்கவோ பிரதேச செயலகத்தின் வாயைப் பார்க்கவேண்டும். பிள்ளைகளில் யாருக்குப் போகும் என்ற வரிசையில் ஆணுக்கு முதலிடம் என்றிருந்ததை 2022இல்தான் திருத்தினார்கள். தம்பலகாமத்துத் தமிழனும் கிண்ணியா நானாவும் கந்தளாய்ச் சிங்களவரும் ஒரே கவுண்டரில் ஒரே கடுதாசிக்கு நிற்கிறார்கள். அந்த மூன்று பேரின் கையிலும் முழு உறுதி இருந்தால் இந்த மாவட்ட அரசியலில் பாதிப் பேச்சுக்கு வேலை இருக்காது.

ஆனால் இன்றைக்கு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே உறுதி என்று சொன்னால் அதுவும் அநியாயம். சம்பூரில் 2006இல் போருக்குப் பயந்து ஓடிய சனம் பத்து வருடம் கழித்துத்தான் தங்கள் நிலத்தைப் பார்த்தது. போரில் இடம்பெயர்ந்தவரின் காணியில் வேறு ஆள் ஆட்சி செய்ததை அவருக்கு எதிராகக் கணக்கிடக்கூடாது என்று 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. வழக்குப் போட இரண்டு வருட அவகாசம். எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது? ஆகவே கடையில் அடிக்கடி சொல்வது: உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துப் பதிவின் அத்தாட்சிப் பிரதி எடுங்கள், நில அளவைப் படத்தைத் தேடுங்கள், நகரசபைக்குக் கட்டிய வரிப் பற்றுச்சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் மாமாவின் வாய்வார்த்தையை நம்பி விடாதீர்கள், அவருக்கும் வயதாகிறது.

எங்கள் அரசியலைப் பற்றியும் ஒன்று. சமஷ்டி கேட்கிறோம், மத்தியின் கை நீளக்கூடாது என்கிறோம். வீட்டுக்குள் வந்ததும் "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்" என்று அரசாங்க வேலைக்குப் பிள்ளையைத் துரத்துகிறோம். பட்டதாரிகள் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன் பந்தலடித்து வேலை கேட்கும்போது எங்கள் கட்சிகள் எல்லாம் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும். ஒரு பேக்கரி திறக்க எத்தனை காரியாலயத்துக்குப் போகவேண்டும் என்று கேட்டு ஒரு கட்சியும் பந்தல் போட்டதில்லை. தேசிய மக்கள் சக்தி 2024இல் திருகோணமலையில் நாலு ஆசனத்தில் இரண்டை எடுத்ததற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். அவர்களும் கடைக்காரனைச் சந்தேகத்தோடு பார்க்கும் மரபில் வந்தவர்கள்தான். ஆட்சிக்கு வந்த பிறகு ஐஎம்எப் எனும் சர்வதேச நாணய நிதியத்தோடு போட்ட கணக்கை உடைக்காமல் வைத்திருக்கிறார்கள், 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்தார்கள், அதற்கு மதிப்புக் கொடுக்கிறேன். அரிசியில் மட்டும் பழைய புத்தி போகவில்லை.

உலகத்தைப் பார்த்துப் புளகாங்கிதப்படுகிற இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அர்ஜென்டினாவில் ஜனாதிபதி மிலேய் பணவீக்கத்தை இறக்கியது பெரிய காரியம். 2023 டிசம்பரில் ஒரு மாதத்துக்கு மட்டும் 25 வீதம் ஏறிய விலை, 2025இல் மாதம் இரண்டு மூன்று வீதத்துக்கு வந்தது. அதே மனிதர் ஐஎம்எப்பிடம் 20 பில்லியன் டொலர் கடனும் வாங்கினார். அமெரிக்காவில் ட்ரம்பைத் தங்கள் ஆள் என்று கொண்டாடியவர்கள், 2025 ஏப்ரலில் எங்கள் ஆடைகளுக்கு 44 வீத வரி என்று அவர் பலகை காட்டியபோது எங்கே முகத்தை வைத்தார்கள் என்று தெரியவில்லை. பிறகு அது 20 வீதமாக இறங்கியது. அந்த வரியைக் கட்டியது அமெரிக்காவில் சட்டை வாங்கியவர், பயத்தைக் கட்டியது எங்கள் தையல் தொழிற்சாலைப் பெண். வியாபாரச் சுதந்திரம் என்றால் எல்லையில் நிற்கக்கூடாது. ஆளைப் பார்த்துக் கொள்கையைப் பிடிக்காமல், கொள்கையைப் பிடித்துக்கொண்டு ஆளை அளக்கவேண்டும்.

மத்திய வங்கியே வேண்டாம், 1884 முதல் 1950 வரை இருந்த நாணயச் சபைக்குத் திரும்புவோம் என்று சொல்வோரும் உண்டு. அப்போது டொலர் ஐந்து ரூபாய்க்கும் குறைவு. ஆசையாகத்தான் இருக்கிறது. வெளியிடும் ரூபாய்க்கெல்லாம் வெளிநாட்டுக் காசு பெட்டிக்குள் இருக்கவேண்டும் என்பது அதன் விதி. 2022இல் எங்கள் பெட்டியில் எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்குக் கட்டவே காசு இருக்கவில்லை. இப்போதைக்கு எனக்குப் போதுமானது 2023இல் வந்த புது மத்திய வங்கிச் சட்டம். திறைசேரியிடமிருந்து நேரடியாகப் பிணையம் வாங்க அதில் தடை இருக்கிறது, பணவீக்க இலக்கு 5 வீதம். அந்தச் சட்டத்தில் கை வைக்க எந்தக் கட்சி முதலில் காரணம் தேடும் என்பதைத்தான் ஒவ்வொரு பாதீட்டுப் பேச்சிலும் நான் கவனித்துக் கேட்கிறேன்.

கிழமைக்கு ஒரு தரம், புதன்கிழமை திறைசேரி உண்டியல் ஏலம் முடிந்த பிறகு, வட்டி வீதத்தையும் மத்திய வங்கியின் கையிலுள்ள பிணையத் தொகையையும் கடன் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். தொகை அசையாமல் இருந்தால் தெரிந்த வீடுகளுக்கு மாதக் கடன் ஓடும், சரக்கு இரண்டு கிழமைக்குப் போதும். அது ஏறத் தொடங்கினால் கடனை ஒரு கிழமைத் தவணைக்குச் சுருக்கி, கையிலுள்ள காசைப் பருப்பு, உப்பு, சவுக்காரம் என்று கெடாத, விலைக் கட்டுப்பாட்டில் வராத சாமானாக மாற்றிவிடுவேன். பக்கத்துக் கடைத் தம்பிக்கும் அந்தக் கொப்பியைக் காட்டியிருக்கிறேன். அவர் இப்போது எனக்கு முன்பே எழுதிக்கொண்டு வந்து, "அண்ணை, இந்தக் கிழமை கொஞ்சம் ஏறியிருக்கு, பாத்தீங்களா?" என்று கேட்கிறார்.